தாரை வார்த்த சறுக்கு மரம்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலையும் அரசு தொடக்கப் பள்ளியையும் பிரிப்பது ஒரே ஒரு மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் மண்டபம். அந்தப் பக்கம் பிள்ளைகள் இடைவேளையில் வந்து நிற்கும் மண்தரை. காலைப் பூசை முடிந்து நானும் என் நண்பரும் மண்டபத்தில் அமர்ந்து பதிகம் ஓதும் நேரத்தில்தான் பள்ளியில் முதல் இடைவேளை மணி அடிக்கும். மணி ஓய்வதற்குள் எழும் கூச்சலில் பாட்டின் அடி நழுவிப் போவதுண்டு. நண்பர் முகம் சுளிப்பார். எனக்கோ அந்தக் கூச்சல் பிடிக்கும். இறைவனைப் பிள்ளையாகவும் தோழனாகவும் எண்ணிப் பாடிய பெரியோரின் சொற்களை ஓதுகிறவனுக்குப் பிள்ளைகளின் குரல் எவ்வாறு இடையூறாகும்?

பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து சில காலம் சென்றிருந்தபோது, அந்தக் கூச்சல் நின்றுபோனது. மணி அடிக்கும், வகுப்புகளிலிருந்து காலடிச் சத்தம் வரும், அதன் பிறகு ஆசிரியைகளின் குரல் மட்டுமே கேட்கும். "ஓடாத." "அங்கியே ஒக்காரு." "யாருடா அது, எறங்குடா கீழ."

பல நாள் கேட்டுப் பொறுக்காமல் பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியை நடுவயதுப் பெண்மணி. வில்லியனூர்ப் பக்கமிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவர். பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நசுங்கிய தண்ணீர் பாட்டிலைக் காலால் உருட்டி அடுத்தவனுக்குத் தள்ள, அவன் அதை மூன்றாமவனுக்குத் தள்ளினான். உட்கார்ந்தபடியே ஆடும் ஆட்டம் அது.

"ஒரு புள்ள கீழ விழுந்து பல்லு ஒடஞ்சிடுச்சுங்க ஐயா. பெத்தவங்க வந்து ஒரே சண்டை. வெளையாட ஒரு சாமானும் இல்லாதப்ப பசங்க இன்னா பண்ணும்? ஓடத்தான் செய்யும். ஓட வேணாம்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம் இப்படித்தான்" என்றார் தலைமையாசிரியை.

அந்த ஆண்டு எனக்கு எண்பது நிறைந்தது. மகனும் மகளும் விழா எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். மண்டபம், கலசம், வாழைமரம், சாப்பாடு என்று தொலைபேசியில் நாள்தோறும் பேச்சு. அவையெல்லாம் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் விளையாடுவதற்குச் சாமான் வாங்கித் தாருங்கள் என்றேன். மகனுக்கு மனக்குறை. என் மனைவிக்கு அப்படி ஒன்றுமில்லை. "மறுபடியும் ஒரு தாலிய கட்டி இன்னொரு எண்பது வருசம் இவரோட மல்லு கட்டணுமா நானு? ஊஞ்சலே வாங்கிக் குடுங்க" என்றாள் மகளிடம்.

தலைமையாசிரியை என்னைக் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் பிள்ளைகள் முன் நிறுத்தினார். என்ன வேண்டும் என்று நானே கேட்டேன். சறுக்கு மரம் என்றார்கள், ஊஞ்சல் என்றார்கள், சீசா, ஸ்கிப்பிங் கயிறு, ரிங், பந்து என்று ஒருவர் வாயை ஒருவர் அடைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் "கம்ப்யூட்டர்!" என்று கத்த, மற்றவர்கள் அவன் தலையில் தட்டினார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து நீங்கள் வரும் நாளில் எல்லாம் இங்கே இருக்கும், இவை உங்களுக்கே உரியவை என்று சொன்னேன். சபையில் நின்று பதிகம் ஓதிப் பழகிய குரலில் அதைச் சொன்னேன். ஆகையால் அது வாக்குறுதியைக் காட்டிலும் கனமாகவே அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இனி என் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறேழு வயது இளையவர். எங்கள் இருவர் வயலுக்கும் ஏரியிலிருந்து வருவது ஒரே வாய்க்கால். முறைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பிகளே மண்வெட்டியைத் தூக்கிய காலத்தில், எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை. ஒரே ஓதுவாரிடம் பாடம் கேட்டோம். மாலைப் பூசையில் நான் முதலிரண்டு அடிகளை எடுப்பேன். அவர் பின்னிரண்டு அடிகளை முடிப்பார். அரை நூற்றாண்டாக அப்படித்தான். அவர் குரல் என் குரலைவிட இனியது. இதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. அவர் என்னை அண்ணா என்பார். நான் தம்பி என்பேன். கோயிலின் அறங்காவல் குழுவுக்கு அவரே தலைவர்.

சறுக்கு மரத்தையும் ஊஞ்சலையும் சீசாவையும் கடலூரில் செய்யச் சொல்லியிருந்தோம். கயிறுகளையும் ரிங்குகளையும் பாகூர்க் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் பாயின் கடையில் வாங்கினேன். விளையாட்டுச் சாமானும் பள்ளிக்கூடப் பையும் விற்கும் சிறிய கடை. யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு வலைப்பை நிறையப் பந்துகளோடு வந்தார்.

"இது நம்ம கணக்குல இருக்கட்டும் ஐயா. நானும் அந்த ஸ்கூல்லதான் மூணாவது வரைக்கும் படிச்சேன். வெளையாட ஒன்னும் கெடையாது. வாத்தியார் தொப்பிய எடுத்துப் போட்டுத்தான் வெளையாடுவோம். அப்புறம் அடி வாங்குவோம்."

சிரித்துக்கொண்டே வண்டி வரைக்கும் வந்து தாமே பையை ஏற்றி வைத்தார்.

கடலூரிலிருந்து சாமான்கள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய நாள், பொங்கல் விடுமுறையின் நடுவில் அமைந்துவிட்டது. பள்ளி பூட்டிக் கிடந்தது. ஓட்டுநர் எங்கே இறக்குவது என்று தெருவில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வண்டியருகே நின்ற என்னிடம் கோயிலிலிருந்து நண்பர் வந்தார்.

"இங்கியே எறக்குங்கணா. கோயில் எடத்துல கெடந்தா ஒருத்தன் கை வெக்க மாட்டான். நாளைக்கு நல்ல நாளு. சாமி முன்னால வெச்சு ஒரு தீபாராதனை காட்டிடுவோம். அப்புறமா புள்ளைங்க தொடட்டும்."

என் மனத்தில் இருந்ததை அவர் எடுத்துச் சொன்னதுபோல் இருந்தது. புது ஏரை, புது வண்டியை, பேரனின் புதுப் புத்தகத்தைக்கூட இறைவன் திருமுன் வைத்து வாங்காமல் பயன்படுத்தாத மரபில் வந்தவன் நான். பிள்ளைகள் ஏறி விளையாடப்போகும் ஊஞ்சலை அவ்வாறு வைத்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாதிருந்தால்தான் வியப்பு.

மறுநாள் சறுக்கு மரத்துக்கும் ஊஞ்சலுக்கும் வெளிப்பிராகாரத்தில் மஞ்சள் குங்குமம் இட்டு மாலை சாத்தினோம். கயிறுகளும் ரிங்குகளும் பாய் கொடுத்த பந்துகளும் ஒரு மூங்கில் தட்டில் கருவறை வாசலில் இருந்தன. ஊரார் பலர் வந்திருந்தனர். தீபாராதனை முடிந்ததும் நண்பர் ஒரு செம்பில் நீர் கொண்டுவந்து என் கையருகே நீட்டினார்.

"வெறுமனே காட்டி எடுத்தா எப்படிணா? தாரை வாத்துடுங்க. அதுதான் முழுப் பலன்."

கன்னிகையைத் தரும்போதும் நிலத்தைத் தரும்போதும் நீர் வார்ப்பது நம் வழக்கம். நீர் விழுந்தபின் கொடுத்தவனுக்கு அதில் உரிமை இல்லை. குருக்கள் இளையவர்; படித்தவர். அவர் ஒரு கணம் தயங்கினார்.

"தாரை வார்த்துட்டா சுவாமிக்குன்னு ஆயிடும். ஐயாவுக்குச் சம்மதம்தானே?"

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. "எல்லாப் பிள்ளையும் அவன் பிள்ளைதான சாமி" என்றார் குருக்களிடம். அந்தச் சொல் என்னை உருக்கிவிட்டது. இறைவனிடம் கொடுத்து, இறைவன் கையால் பிள்ளைகளுக்குப் போகட்டும். என் பெயர் இடையில் எதற்கு என்று எண்ணினேன். என்னுடையது என்று ஒன்றுமில்லை, யாவும் உன்னுடையவை என்ற பொருளில் வரும் ஒரு பதிகத்தைக் கண்ணை மூடிப் பாடினேன். நண்பர் பின்னடிகளை முடித்தார். கையில் நீர் குளிர்ச்சியாக விழுந்தது. ஒலிபெருக்கியில் அவரே என் பெயரைச் சொல்லி, இன்னார் உபயம் என்று அறிவித்தார்.

பள்ளி திறந்த நாள் காலையில் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். கோயிலில் நண்பர் இல்லை. கயிறும் பந்தும் வைத்துப் பூட்டிய உக்கிராண அறையின் சாவி அவரிடமே இருந்தது. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் வாய்க்கால் கரையில் அகப்பட்டார்.

"இன்னாத்துக்குணா இவ்ளோ அவசரம்? பொறுங்க. ஒழுங்கா பண்ணுவோம்" என்றார்.

பொறுத்தேன். இடைவேளை நேரத்தில் பிள்ளைகள் மதிலோரம் வந்து, எம்பிக் குதித்து, பிராகாரத்தில் நிற்கும் சறுக்கு மரத்தின் உச்சியைப் பார்ப்பது மண்டபத்திலிருந்து தெரியும். "தாத்தா, எப்போ?" என்று ஒரு குரல் வரும். "வரும் கண்ணு" என்பேன்.

பள்ளிக்குக் கிழக்கே கோயிலுக்குச் சொந்தமான ஒரு காலி மனை உண்டு. இடையில் கம்பி வேலி. ஒரு காலை அங்கே கொத்தனார்கள் குழி தோண்டிக் கொண்டிருந்தார்கள். சறுக்கு மரத்தை நால்வர் தூக்கி வந்தார்கள். ஊஞ்சலின் இரும்புக் கால்களைக் குழியில் இறக்கி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கம்பியில் முகம் பதித்து நின்றிருந்தார்கள். தங்களுக்காகத்தான் நடக்கிறது என்று எண்ணி அவர்கள் கைதட்டினார்கள். நான் நடந்த நடையில் செருப்பு ஒன்று வாய்க்காலில் விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

நண்பர் கோயில் அலுவலக அறையில் இருந்தார். அவருடைய மகனும் உடன் இருந்தான். சில காலமாக ஒரு கட்சியில் வளையவந்துகொண்டிருந்தவன் அவன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பதாகையில் அவன் கைகூப்பியிருந்தான். பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் படம். மேலே, கோயில் சிறுவர் பூங்கா திறப்பு விழா என்றிருந்தது.

"தம்பி, இது பள்ளிக்கூடத்துக்கு வாங்கினது" என்றேன்.

"யாரு இல்லன்னா? புள்ளைங்களுக்குத்தான். கோயில் எடத்துல கோயில் புள்ளைங்க வெளையாடப் போவுது. சாயந்தரம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் தொறந்து வெப்போம்."

"இடைவேளையில் விளையாடுவதற்கென்றுதானே கொடுத்தேன். ஐந்து மணிக்குப் பாதிப் பிள்ளைகள் ஆட்டோவில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்."

"அத நீங்க தாரை வாக்கறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும்ணா."

மகன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். நண்பர் சிரிக்கவில்லை. மிகவும் பணிவாகத்தான் பேசினார். அதுதான் என்னால் இன்றும் மறக்க இயலாதது.

"சாமிக்குன்னு தண்ணி வுட்டாச்சு. ஊரே பாத்துச்சு. இப்ப எடுத்தா சாமி சொத்த எடுத்த பாவம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நீங்க எனக்குச் சொன்னதுதான?"

மெய்தான். அவருக்கு நான் சொன்னதுதான். சிவன் கோயில் மண்ணில் ஒரு துகள் காலில் ஒட்டினாலும் வாசலில் உதறிவிட்டு வர வேண்டும் என்று, மண்டபத்தில் உட்கார்ந்து எத்தனை முறை அவரிடம் சொல்லியிருப்பேன். வேறு எவராக இருந்தாலும் காவல் நிலையம் போயிருப்பார், ஊரைக் கூட்டியிருப்பார், இரவோடு இரவாக ஊஞ்சலைப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார். நான் எதையும் செய்ய மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். ஐம்பது ஆண்டு பக்கத்தில் அமர்ந்து என் பக்தியின் ஆழத்தை அளந்து வைத்திருந்தவர், அதிலேயே என்னை இறக்கிவிட்டார்.

வேலியில் ஒரு சிறு வாயிலாவது விடுங்கள், இடைவேளையில் மட்டும் திறக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். தலைமையாசிரியையும் உடன் வந்தார். வளாகத்தை விட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்ப அவருக்கு அனுமதி இல்லை, வேலியில் வாயில் இருந்தால் அது வளாகத்தின் ஒட்டாகிவிடும் என்று விளக்கினார்.

"வழி வுட்டா நாளைக்கு பாத்தியதை கேப்பாங்க டீச்சர். அது மட்டுமில்ல, பசங்க எச்சக் கையோட, செருப்புக் காலோட வரும். கோயில் எடம் இல்லீங்களா" என்றார் நண்பர். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லிங்களாணா?" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார்.

அன்று மாலைப் பூசைக்குப் போனேன். அவர் வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பாட்டை எடுக்கவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் தாமே முதலடியை எடுத்து, தாமே கடைசியடியையும் முடித்தார். எவ்வளவு இனிய குரல். அதில் ஒரு நடுக்கமும் இல்லை. ஒரு நடுக்கமாவது இருந்திருந்தால் நான் மறுநாள் பாடியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதன்பின் நாங்கள் சேர்ந்து பாடவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கினு பாடாதீங்கன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? பாடுங்க. ஆனா பக்கத்துல நிக்கிறவன் இன்னா பண்றான்னு ஒரு கண்ணால பாக்கணும். எனக்கு அவரு எப்பவுமே பிடிக்காது."

"இதுவரைக்கும் சொன்னதில்லையே."

"சொன்னா நீங்க கேட்டுடுவீங்க பாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த பாய் இன்னா சொல்லுவாரு?" என்றாள். அதுவரை எனக்கு அந்த எண்ணமே எழவில்லை. என்னுடையதைக் கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னுடையது அல்லாததையும் அல்லவா அந்தத் தட்டில் வைத்து நீர் வார்த்துவிட்டேன். பந்துகள் கோயில் உக்கிராண அறையில் பூட்டப்பட்டிருந்தன.

பாய் சில நாள் கழித்துக் கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டு ஸ்கூட்டரை நிறுத்தினார். "பந்து எப்படி இருக்குங்க ஐயா? காத்து எறங்கினா அனுப்பி வைங்க, பம்ப் அடிச்சுத் தர்றேன்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் புள்ளைங்களுக்குன்னு குடுத்தேன். சாமிக்குக் குடுக்கணும்னா எங்க சாமிக்குக் குடுத்திருப்பேனே ஐயா" என்றார். பிறகு, சொன்னது கடுமையாகிவிட்டதோ என்று அஞ்சியவர்போல, "பரவாயில்லீங்க. என்னைக்காவது ஒரு நாள் புள்ளைங்க கைக்குப் போவும்" என்று சொல்லி வண்டியை எடுத்தார். வேறு பந்து தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

திறப்பு விழா அந்தப் பெரிய மனிதருக்கு நாள் ஒழியாமல் தள்ளிக்கொண்டே போனது. சறுக்கு மரத்துக்கு நீல நிறத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். காற்றில் அது தூக்கும்போதெல்லாம் வேலியோரத்திலிருந்து "தெரியுது தெரியுது!" என்று கூவும் ஒலி கேட்கும். ஒரு வழியாக ஒரு வேலைநாளில் விழா நடந்தது. கைதட்டப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி வைக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். விளையாட அனுப்ப இல்லாத அனுமதி, கைதட்ட அனுப்புவதற்குக் கிடைத்தது. சீருடையோடு மண்ணில் உட்கார வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். பெரிய மனிதரோடு வந்த யாரோ ஒருவரின் குழந்தையைச் சறுக்கு மரத்தில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்தக் குழந்தை உச்சியிலேயே அழத் தொடங்கிவிட்டது; இறங்க மறுத்தது. எங்கள் பிள்ளைகள் அதற்கு வழி சொன்னார்கள்: "கைய வுடு! கைய வுட்டுட்டு ஒக்காரு!" அவர்களில் ஒருவரும் ஏற்றப்படவில்லை. சாக்லெட் கொடுத்துப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்த மேடைக்கு அழைத்தார் நண்பர். நான் போகவில்லை. மண்டபத்திலேயே இருந்தேன். இந்த அளவில் நின்றிருந்தால், நண்பர் ஒருவரை இழந்தேன், கொடுத்த வாக்கை இழந்தேன் என்று எண்ணி இருந்துவிட்டிருப்பேன். ஆனால் அடுத்த வாரம் இடைவேளையில், மதிலுக்கு அப்பாலிருந்து இரு பிள்ளைகள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"நம்முளுதுதான்டி அது. சாமி புடுங்கிக்கிச்சு."

"சாமி இன்னாத்துக்குப் புடுங்கும்?"

"எங்க வூட்ல சொன்னாங்க. சாமிக்குப் புடிச்சிப் போச்சாம். அதான் எடுத்துக்கிச்சாம். எங்க அம்மா, அந்தப் பக்கம் கையக் கூட நீட்டாத, சாமி கண்ணக் குத்திடும்னு சொல்லிச்சு."

நான் ஓதிக்கொண்டிருந்த பதிகம் நின்றுபோனது. ஊஞ்சலை எடுத்தார்கள், பொறுத்தேன். பாயின் பந்துகளை எடுத்தார்கள், தலைகுனிந்தேன். இது அப்படிப்பட்டதன்று. பிள்ளைகளின் கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டு கண்ணையும் குத்துகிற ஒருவன் என்று, நான் வாழ்நாளெல்லாம் பாடிய இறைவனைப் பற்றி அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்டு விட்டார்கள். இனி எந்தப் பாட்டை அவர்களுக்குச் சொன்னாலும் அதன் உள்ளே அந்தச் சறுக்கு மரம் நிற்கும். என் நண்பர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் பெரியது எது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் தலைமையாசிரியையிடம் இடைவேளையில் பிள்ளைகளோடு சற்றுப் பேச அனுமதி கேட்டேன். "என்ன சொல்லப் போறீங்க ஐயா?" என்றார். நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்றார்.

பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் படியில் உட்கார்ந்தேன். சபைக் குரல் அன்று வரவில்லை.

"உங்க ஊஞ்சலை சாமி எடுத்துக்கலை கண்ணு. சாமிக்கு ஊஞ்சல் எதுக்கு? அதை எடுத்துக்கிட்டது மனுசங்க. என் சிநேகிதர் ஒருத்தர். அவர் கேட்டார், நான் யோசிக்காம என் கையாலேயே கொடுத்துட்டேன். உங்களுக்குன்னு சொன்ன பொருளை நான் காப்பாத்தலை. தப்பு எங்க மேலதான். சாமி மேல இல்லை."

ஒருவன், "அப்ப கண்ணக் குத்தாதா?" என்று கேட்டான். குத்தாது என்றேன். அவன் அருகிலிருந்தவனைப் பார்த்து, "நான் சொன்னேன் இல்ல" என்றான். வேறொருவன் "போலீசுல சொல்லுங்க தாத்தா" என்றான். "உங்க சிநேகிதர் பேச்ச கா வுடுங்க" என்றது ஒரு குரல். விட்டுவிட்டேன் என்றேன். அதற்குச் சிரித்தார்கள்.

இரண்டாம் வகுப்பாக இருக்கலாம், முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். பாடம் ஒப்பிப்பவள்போல் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"அந்தத் தாத்தா எடுக்கும்போது சாமி பாத்துக்கினுதான இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் சும்மா இருந்துச்சு?"

எத்தனையோ விடைகள் எனக்குப் பாடமாக உண்டு. வினையைப் பற்றி, சோதனையைப் பற்றி, காலத்தைப் பற்றி. அடியவர்களின் துயரை இறைவன் காலம் தாழ்த்தி வந்து தீர்த்ததைப் பற்றியும், உரிமையோடு அவனை ஏசிக் கேட்டுப் பெற்றவர்களைப் பற்றியும் பதிகம் பதிகமாக என்னால் சொல்ல முடியும். அந்தத் தாழ்வாரத்தில், அந்தச் சிறுமியின் உயரத்துக்கு அவற்றில் ஒன்றும் குனிந்து வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"நீங்க தெனமும் சாமிகிட்ட போவீங்க இல்ல? கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாள். மணி அடித்தது. எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள்.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் இடைவேளை மணிக்கு முன்பே மண்டபத்தை விட்டு எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குப் போகப் பள்ளி வாசலைக் கடப்பதுதான் நேர்வழி. நான் கரும்பு வயலோரமாகச் சுற்றிப் போகிறேன். அந்தச் சிறுமி எதிரே வந்துவிட்டால் என்ன சொல்வது?